இமாம்பசந்துக்கு ஸ்டே கம்பி

ஜூலை 18, வியாழன்

இன்று காலை பத்தே முக்காலுக்கு, கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு, ஊரறிய நான் என்னையே மடையன் என்று திட்டினேன்.

மாதாந்திரப் பராமரிப்பு. கரண்டை நிறுத்திவிட்டு லைனில் உரசும் கிளைகளை வெட்டிக்கொண்டே வந்தோம். எங்கள் வீட்டுப் பின்சந்தில் ஜெயமேரி டீச்சரின் வேப்பமரம். பெரிய கிளையை வெட்டும்போது முதலில் கயிறு கட்டி, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள, மெதுவாக இறக்க வேண்டும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடமே அதுதான். கயிறு வண்டியில் இருந்தது. வண்டி தெருமுனையில் இருந்தது. முப்பது வருட அனுபவஸ்தன் தெருமுனை வரைக்கும் நடப்பானா? வெட்டினேன். கிளை மதிலைத் தாண்டி உள்ளே விழுந்தது. படார் என்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் மளுக் என்று இன்னொரு சத்தம்.

"எந்த மடையன்டா லைன் ஓரத்துல மரத்தக் கொண்டாந்து வச்சது?" என்று மேலிருந்து கத்தினேன்.

"நீங்கதாங்க. குழி தோண்டுனதே நீங்கதான்" என்று கீழிருந்து பதில் வந்தது. பாக்கியம். என் மனைவி.

மேலேயிருந்து பார்த்தால் எல்லா வீடும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு துணிக்கொடியும்தான். கூட வேலை செய்யும் சங்கிலிமுத்து ஏணியைப் பிடித்தபடி சிரித்ததில் ஏணி ஆடியது. பாதுகாப்பு விதிப்படி அது குற்றம். கயிறு கட்டாதவன் விதி பேசக் கூடாது என்பதால் விட்டுவிட்டேன்.

விழுந்தது கோகிலாவின் மாமரத்தின் மேல்.

ஜூலை 19

கோகிலா எங்கள் ஒரே மகள். தோட்டக்கலை படித்தவள். ஓசூரில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை. கல்லூரி இரண்டாம் வருட விடுமுறையில் வந்தபோது, நாங்கள் தின்று எறிந்த கொட்டையில் முளைத்து, நான் குழி தோண்டி மதிலோரம் மாற்றி நட்டிருந்த நாட்டு மாஞ்செடியின் தலையைச் சீவி, அதில் இமாம்பசந்துக் குச்சி ஒன்றைச் சொருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றி ஒட்டுக் கட்டினாள். "இது பொழைக்குமா?" என்று கேட்டேன். "உங்க கை படாம இருந்தா பொழைக்கும்" என்றாள். மூன்றரை வருடம் கை படாமல் இருந்தது. என் தலைக்கு மேல் வளர்ந்தும் விட்டது.

இப்போது நடுத்தண்டு இடுப்புயரத்தில் முறிந்து தொங்குகிறது. பக்கக் கிளை ஒன்று பட்டையோடு உரிந்து தரையைத் தொடுகிறது.

உலகத்தில் எது உடைந்தாலும் இன்சுலேஷன் டேப் சுற்றினால் சரியாகிவிடும் என்பது எங்கள் பிழைப்பில் கண்ட உண்மை. பிவிசி பைப்பை நெடுக்கில் பிளந்து, முறிந்த தண்டை நிமிர்த்தி அதற்குள் வைத்து, ஒன்றரை உருளை கறுப்பு டேப் சுற்றினேன். பாக்கியம் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சுவிட்ச எங்கங்க வச்சிருக்கீங்க?" என்றாள்.

கோகிலாவிடம் சொல்ல வேண்டாம் என்று பாக்கியத்திடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

சொல்லிவிட்டாள். போட்டோவும் அனுப்பிவிட்டாள்.

கோகிலா என்னோடு பேசுவதில்லை. பதின்மூன்று மாதம் ஆகிறது. ஒன்றும் பெரிய விஷயமில்லை. வீடு என்றால் நாலும் இருக்கும். போன பொங்கலுக்கு வந்தாள்; நான் டூட்டிக்குப் போன நேரம் பார்த்துச் சாப்பிட்டாள், நான் திரும்பும் நேரம் பார்த்துத் தூங்கினாள். எங்கள் ஆபீசில்கூட இவ்வளவு கச்சிதமாக ஷிப்ட் போட ஆளில்லை.

ஆகவே இன்று பேச்சு இப்படி நடந்தது. போன் ஸ்பீக்கரில். பாக்கியத்துக்கும் எனக்கும் நடுவில், முருங்கைக்கீரைக் குவியலின் மேல்.

"எப்படிம்மா ஒடிஞ்சுது?"

நான் கையை வீசி வீசிக் காட்டினேன்.

"காத்துல ஒடிஞ்சுதுன்னு உங்கப்பா சொல்லச் சொல்றாருடி."

"மரத்தச் சுத்தி வேப்பிலையா கெடக்கு. வேப்பமரம் நடந்து வந்துச்சாமா அந்தக் காத்துல?"

இந்தப் பக்கம் இருவரும் மும்முரமாகக் கீரை ஆய்ந்தோம்.

"அவர்கிட்டச் சொல்லு, அந்த டேப்ப மொதல்ல பிரிக்கச் சொல்லு. உள்ள தண்ணி நின்னு அழுகிரும்."

"டேப்பப் பிரிக்கணுமாம்."

"கேட்டுச்சு."

"கேட்டுச்சாம்டி."

"ஒடிஞ்சது ஒட்டாது. முறிவுக்குக் கீழ நல்ல பட்டை இருக்கற எடத்துல, சாய்வா, ரம்பம் வச்சு அறுக்கணும். மழத்தண்ணி நிக்காம வழியணும். உரிஞ்ச கிளைய அடியோட எடுத்தரணும். அறுத்த எடத்துல தாமிரப் பசை பூசணும்."

"சாய்வா..." என்று பாக்கியம் ஆரம்பித்தாள்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு."

"அவருக்கு எல்லாம் கேக்கும்மா. கேட்டுட்டு அவரு இஷ்டத்துக்குத்தான செய்வாரு" என்றாள் மகள். வைத்துவிட்டாள்.

ஜூலை 22

அறுத்தேன். முப்பது வருடத்தில் இந்த முசிறி வட்டாரத்தில் நான் வெட்டாத மரம் எது? புளி, வேம்பு, புங்கை, கோயில் அரசு, எல்லாம் வெட்டியாயிற்று. ஒன்றுக்கும் மருந்து பூசியதில்லை. இன்று குந்த வைத்து உட்கார்ந்து, நீலக்கலர்ப் பசையைப் பெயின்ட் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுப் பூசினேன்.

ஜெயமேரி டீச்சர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "தம்பி, ஏழை மரம் ஒண்ணு இந்தப் பக்கமும் நிக்குது. அது பாட்டுக்கு ஒழுகிக்கிட்டு இருக்கு."

ஏணி போட்டு ஏறி வேம்புக்கும் பூசினேன். வேறு என்ன செய்வது. டீச்சர்.

ஆகஸ்டு 3

ஆடிப்பெருக்கு. ஊரே ஆற்றில். மாமரம் மொட்டைக் குச்சியாக நிற்கிறது. ஒரு பல்பு மாட்டினால் சந்துக்கு வெளிச்சமாவது கிடைக்கும்.

ஆகஸ்டு 12

துளிர்த்துவிட்டது!

அறுத்த இடத்துக்குக் கீழே, செம்பு நிறத்தில் ஐந்து துளிர். எல்லாம் சோம்பேறிகள், ஆளுக்கொரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கின்றன. ஆனால் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒன்று வந்திருக்கிறது பாருங்கள், அதுதான் துளிர். நேர் குத்தாக, ஒரு கோணல் இல்லாமல், நட்டு வைத்த கம்பம் மாதிரி. எனக்கு நேராக நிற்கும் எதைப் பார்த்தாலும் மரியாதை வந்துவிடும். தொழில் அப்படி.

ஆகஸ்டு 20

என் துளிர் முழங்கை நீளம் வந்துவிட்டது. தினம் காலையில் டீ குடிக்கும்போது அதோடு நின்று குடிக்கிறேன். பக்கத்தில் ஒரு பைப் நட்டு மூன்று இடத்தில் கட்டிவிட்டேன். மேலே இருந்த சோம்பேறிகளில் இரண்டைக் கிள்ளி எறிந்தேன், சத்து வீணாகப் போகிறதே என்று. மீதி மூன்றையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மகளுக்கு போட்டோ அனுப்பச் சொன்னேன். "அடியிலேர்ந்து நுனி வரைக்கும் தெரியற மாதிரி எடு" என்றும் சொன்னேன். பெருமையாக.

ஆகஸ்டு 21

பாக்கியத்தின் போன் அடித்தது. அவள் கையெல்லாம் மாவு. நான் எடுத்தேன்.

"அம்மா..."

"அம்மா கையில மாவு" என்றேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருபத்து மூன்று, இருபத்து நாலு.

"ஒட்டுக் கட்டுன முடிச்சு தெரியுதா?"

"தெரியுது."

"அதுக்குக் கீழேர்ந்து வந்திருக்கு அது. அது இமாம்பசந்து இல்ல. பழைய கொட்டச் செடி. அத விட்டா மேல உள்ளதெல்லாம் காஞ்சு போயிரும். வெட்டுங்க."

பதினாலு மாதம் கழித்து மகள் அப்பனிடம் வாய் திறந்து இட்ட கட்டளை: வெட்டுங்க. முப்பது வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன், புதிதாக ஏதாவது சொல்லக் கூடாதா.

"மேல அஞ்சு துளிர் வந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க. போட்டோல மூணுதான் இருக்கு?"

"அது..."

"காத்துலயா?"

"இல்ல. நான்தான்."

"மூணு போதும். இருக்கற மூணத் தொடாதீங்க" என்றாள்.

போனை வைத்த பிறகு பாக்கியம் மாவை ரொம்ப நேரம் பிசைந்தாள். பிசைந்து முடித்த மாவை.

ஆகஸ்டு 22

வெட்டினேன். டீ குடிக்கத் துணையில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மூன்றும் நன்றாக வருகின்றன. இப்போது என் நம்பருக்கே கூப்பிடுகிறாள். "சாப்பிட்டீங்களா" எல்லாம் கிடையாது. நேராக மரம்தான். டாக்டரம்மா வார்டுக்குள் வருவது மாதிரி.

"மூணும் மேல பாத்துப் போகுதா?"

"ஆமா, நல்லா நேரா..."

"நேரா போகக் கூடாதுப்பா."

'அப்பா' வந்துவிட்டது. நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். கவனித்தது தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்வாள்.

மரம் கம்பம் இல்லையாம். கிண்ணம் மாதிரி விரியணுமாம். மூன்று கிளையும் மூன்று திசைக்கு, நடுவில் வெயிலும் காத்தும் போகிற மாதிரி. நேராக விட்டால் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, காய் பிடிக்கும்போது கவட்டிலேயே கிழியுமாம். இளசாக இருக்கும்போதே கயிறு கட்டி வெளிப்பக்கம் இழுத்து, தரையில் முளை அடித்துக் கட்டணும்.

இதைக் கேட்டதும் எனக்கு உடம்பில் கரண்ட் பாய்ந்தது. இது ஸ்டே! திருப்பத்தில் நிற்கும் கம்பம் லைன் இழுக்கும் பக்கம் சாயாமல் இருக்க, எதிர்ப்பக்கம் சாய்வாக இழுத்துக் கட்டுவோமே, அந்தக் கம்பி. என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் கட்டியிருப்பேன்! "விட்டுத்தள்ளு, ஒரு மணி நேர வேலை" என்றேன்.

செப்டம்பர் 9

ஒரு மணி நேர வேலைதான். ஜி.ஐ. கம்பியை முறுக்கி, முளை அடித்து, மூன்று ஸ்டே. புயல் வந்தாலும் அசையாது. போட்டோ அனுப்பினேன்.

உடனே போன்.

"அப்பா, அது கம்பியா?"

"ஜி.ஐ. எட்டு நம்பர். துரு பிடிக்காது."

"கழுத்துல கம்பியப் போட்டு இழுத்தா யாருக்குப்பா மூச்சு வரும்? பட்ட இளசு, வளர வளர அறுத்துரும். இப்பவே அவுருங்க."

அவிழ்த்தேன். சங்கிலிமுத்துவின் பழைய சைக்கிள் டியூபை வாரு வாராக நறுக்கி, கிளையைச் சுற்றும் இடத்தில் பாக்கியத்தின் கிழிந்த நூல்சேலைத் துண்டை மடித்து வைத்து, தளர்வாக ஒரு சுற்று. சேலைக்கு ஒப்புதல் வாங்கியது தனிக்கதை. "இருபது வருஷமா எனக்கு ஒரு சேலை எடுத்துத் தர நேரமில்ல, மரத்துக்கு உடுத்தி விடுறாரு" என்று டீச்சரிடம் மதிலுக்கு மேல் புகார் போயிற்று.

செப்டம்பர் 10

வாட்ஸ்அப்பில் வந்தது: "கோணம் கரெக்டா இருக்கு. எங்க பண்ணையில ஆளுங்களுக்கு இது வர்றதில்ல."

ஒன்பது முறை படித்தேன். பத்தாவது முறை சங்கிலிமுத்துவுக்குப் படித்துக் காட்டினேன். "கோணம்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும், இத்தன வருஷம் கண்ணாலதான அளந்தோம்" என்றான் அவன். அதுதான்டா கோணம்.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. கட்டிங் பிளேயர், டெஸ்டர், இடுப்புப் பெல்ட், இவற்றுக்கு நடுவில் புது கவாத்துக் கத்தரி. பெரிய பொட்டு அதற்குத்தான்.

இப்போது வாரம் இரண்டு முறை கூப்பிடுகிறாள். கிளையின் உள்பக்கம் குத்தாக முளைக்கும் குச்சிகளை எடுக்கச் சொல்கிறாள். "எந்தக் கண்ணு வெளிப்பக்கம் பாக்குதோ, அதுக்கு மேல வெட்டுங்க. அப்பதான் கிளை வெளிய போகும்." வெட்டுவதற்கு முன் மரத்தை ஒரு சுற்று சுற்றி வருகிறேன். இந்தப் புத்தி வேம்பை வெட்டும்போது எங்கே போயிருந்தது என்று கேட்கக்கூடாது. பாக்கியம் கேட்டுவிட்டாள்.

அக்டோபர் 31

தீபாவளி. வரவில்லை. சீசனாம். ராக்கெட் ஒன்று மரத்துக்கு மேலே போனது. பக்கத்தில் வாளித் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். தெருவே பார்த்துச் சிரித்தது.

நவம்பர் 9

மழை. மூன்று நாள் வீட்டுக்கே வரவில்லை, எங்கே பார்த்தாலும் லைன் அறுந்து கிடக்கிறது. வந்து பார்த்தால் இமாம்பசந்து ஸ்டேயோடு அப்படியே நிற்கிறது. நாங்கள் நட்ட கம்பம் பதினொன்று சாய்ந்துவிட்டது. இதை ஆபீசில் சொல்ல வேண்டாம்.

நவம்பர் 24

மரம் நன்றாக இருக்கிறது. அறுத்த இடத்தில் பட்டை உருண்டு மூடிக்கொண்டு வருகிறது. கிளை மூன்றும் கட்டை அவிழ்த்தாலும் அந்தப் பக்கமே நிற்கின்றன. பூச்சி இல்லை. நோய் இல்லை. இலை பளபள என்று இருக்கிறது, சனியன்.

மகள் கூப்பிட்டுப் பதினோரு நாள் ஆகிறது. எதற்குக் கூப்பிடுவாள்? சீக்கு தீர்ந்த வீட்டுக்கு டாக்டர் வருவாரா?

நவம்பர் 27

எதிர்வரிசையில் ஒரு வீட்டு மாமரம். இலையெல்லாம் கரும்புள்ளி, ஓரம் கருகி, பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி. ஃபியூஸ் போட அந்த வீட்டுக்குப் போனவன் இரண்டு போட்டோ எடுத்தேன். "என்னமோ புள்ளி விழுகுது, பாரும்மா" என்று எழுதி அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் போன். பதறிவிட்டாள். எத்தனை இலை, துளிரிலா முற்றலிலா, மழை எப்போது நின்றது. இருபது நிமிடம் பேசினாள். நடுவில் "சாப்பிட்டீங்களா"கூட வந்தது.

நல்ல தூக்கம்.

நவம்பர் 28

காலையில் போன்.

"அப்பா, நம்ம வீட்டு மதிலுக்கு எப்ப மஞ்சப் பெயின்ட் அடிச்சீங்க?"

போட்டோவின் மூலையில் எதிர்வீட்டு மதில். இருந்து தொலைத்திருக்கிறது.

"அது வந்தும்மா..."

"ராத்திரி எங்க சார்கிட்டக் கேட்டு, மருந்து எழுதி வாங்கி, கூரியர் போட எடுத்து வச்சிருக்கேன்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "கையில ஒரு போன் இருந்தாப் போதும்ல உங்களுக்கு, பொய் சொல்ல."

வைத்துவிட்டாள்.

டிசம்பர் 2

பாக்கியம் போன் செய்தால் எடுக்கிறாள். நான் செய்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

பெரிய விஷயமில்லை என்று ஜூலையில் எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார்த்தேன். அழகான கையெழுத்து.

நடந்தது இது. போன வருடம் ஏப்ரலில் பெங்களூர்ப் பக்கம் ஒரு பழ ஆராய்ச்சிப் பண்ணைக்கு இன்டர்வியூ போய் வந்தாள். அவள் போன் அப்போது பழுது, அதனால் என் நம்பரைக் கொடுத்திருந்தாள். ஒரு நாள் நான் மணமேட்டுப் பக்கம் கம்பத்தில் இருக்கும்போது போன் வந்தது. கொஞ்சம் கன்னடம் கலந்த தமிழ். உங்கள் மகளை எடுத்திருக்கிறோம், எப்போது வந்து சேருவாள் என்று கேட்டார். மூன்று வருடம் அங்கேயே தங்க வேண்டுமாம்.

"பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிருச்சு சார், வரமாட்டா" என்றேன்.

எந்த நிச்சயமும் ஆகவில்லை. ஒரு ஜாதகம்கூட வரவில்லை. கம்பத்தின் மேல் நின்றுகொண்டு, கயிறு கட்டாமல், ஒரே வெட்டு. அவள் இரண்டு மாதம் என் போனைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தாள். "வந்துச்சாப்பா?" என்பாள். "வரலியேம்மா" என்பேன். அங்கே சேர்ந்த சிநேகிதி ஒருத்தி சொல்லித்தான் நான் செய்தது அவளுக்குத் தெரிந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு, கிடைத்த வேலைக்கு ஓசூர் போய்விட்டாள்.

பக்கத்து ஊர் மாப்பிள்ளை, அடுத்த தெருவில் பேரன் பேத்தி, இப்படியெல்லாம் மனதில் ஒரு லைன் இழுத்து வைத்திருந்தேன். அந்த லைனுக்குக் குறுக்கே எது வந்தாலும் வெட்டுவதுதானே எனக்குத் தெரிந்த வேலை.

டிசம்பர் 10

மெசேஜ் அனுப்பினேன். நாலு முறை அடித்து அழித்து எழுதியது: "மரம் நல்லா இருக்கு. புள்ளி கிடையாது. மரத்துக்கு ஒண்ணும் இல்லன்னா நீ பேச மாட்டியேன்னு அனுப்பிட்டேன். ஏப்ரல்ல செஞ்சதும் தப்பு. அப்பா."

பார்த்துவிட்டாள். இரண்டு நீலக் கோடு.

டிசம்பர் 12

பதில்: "தெரியும்."

எது தெரியும் என்று எழுதவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. பதினோராயிரம் வோல்ட்டைத் தொடுகிறவனாம்.

ஜனவரி 4

மரம் பூத்திருக்கிறது. மூன்று கிளையிலும். போட்டோவில் எங்கள் மதில், எங்கள் பக்கெட், எங்கள் பாக்கியம் எல்லாம் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினேன்.

"எல்லாப் பூவையும் கிள்ளிருங்க" என்று வந்தது. "காயம் இன்னும் முழுசா ஆறல. காய் விட்டா கிளை தாங்காது. இந்த வருஷம் வேண்டாம்."

கத்தரியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். தேனீ ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பி வந்துவிட்டேன். "என்னால ஆகல. நீ வந்து கிள்ளிக்க" என்று அனுப்பினேன்.

ஜனவரி 13

வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றியவள் நேராகக் கொல்லைக்குப் போனாள். மரத்தை ஒரு சுற்று சுற்றினாள். ஒட்டு முடிச்சைத் தொட்டாள், அறுத்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள், சேலைத் துண்டை விலக்கிப் பட்டையைப் பார்த்தாள். நான் இன்ஸ்பெக்ஷனுக்கு நிற்பது போலப் பின்னால் கைகட்டி நின்றேன்.

"ம்" என்றாள்.

பாக்கியம் எனக்கு ஜாடை காட்டினாள், பாஸ் என்று.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். மாடு இல்லாததால் நானும் அவளும் பூ கிள்ளினோம். கொத்தின் அடிக்காம்பு வரைக்கும் எடுக்காமல், ஒரு விரற்கடை விட்டுக் கிள்ள வேண்டும். கை முழுக்கப் பால் வாசனை. முறம் நிறைந்துவிட்டது.

"இவ்வளவையும் வீணாக்குறோமே" என்றேன்.

"வீணில்ல. இது மரத்துக்கு முன்னாடியே தெரியாது, தாங்குமா தாங்காதான்னு. பூக்கற ஆசையில பூத்துரும். நாமதான் பாத்துச் செய்யணும்."

"சரியாப் பாத்துச் செய்யறது கஷ்டம்தான்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "உங்க தலையில பூ" என்றாள். தட்டிவிட்டாள்.

டீச்சர் மதிலுக்கு மேலே வந்தார். "அப்பனும் மகளும் சேந்து பூவப் பறிக்கிறீங்க, கூடையத் தூக்கிட்டு விக்கப் போறதுதான் பாக்கி."

"டீச்சர், உங்க வேம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் கோகிலா.

"அதுக்கென்ன, உங்கப்பா பூசுன பெயின்ட்ல ஜம்முனு இருக்கு. இன்னும் ஒரு கை அடிச்சா எலக்சன்ல நிக்கும்."

ஜனவரி 17, வெள்ளி

பஸ் ஏற்றிவிடப் போனேன். சேலம் வண்டி புறப்பட இருபது நிமிடம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். பாக்கியம் கட்டிக் கொடுத்த புளிச்சோறு அவள் மடியில்.

"அந்தப் பெங்களூர்ப் பண்ணையில மறுபடி ஆள் எடுக்கறாங்கப்பா" என்றாள். ஜன்னல் பக்கம் பார்த்துத்தான் சொன்னாள். "மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு."

"போடு."

"ம்ஹும். பெரிய பெரிய காலேஜ்லேர்ந்தெல்லாம் வருவாங்க. போன தடவ கூப்பிட்டதே, வெயிட்டிங் லிஸ்ட்ல யாராச்சும் வராம, கடைசியா என் பேரு வந்திருக்கும். அதுக்கே உங்க மேல அவ்வளவு கோவம் எனக்கு. இப்ப நெனச்சா, அதுகூட ஓவர்தான்." சிரித்தாள். "இங்க நாத்துக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருக்கேன், இதுவும் நல்லாத்தான் இருக்கு."

"போடும்மா. கெடைக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். கண்டக்டர் கம்பியில் தட்டி, ஊருக்குப் போகாதவங்க எறங்குங்க என்று என்னைப் பார்த்தே சொன்னார். அவள் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது, பதிலுக்காக. எத்தனையோ மாதம் கழித்து முழு முகம்.

"தெரியும். போடு" என்றேன். இறங்கி வந்துவிட்டேன்.

சொல்லாதது இது. அன்றைக்கு அந்தப் பெங்களூர் மனிதர் போனை வைக்கும் முன்னால் சொன்னார்: "ரொம்ப வருத்தமா இருக்கு சார். நூத்தி இருபது பேர் வந்ததுல உங்க பொண்ணுதான் முதல்."